ஓ பேரா ஜெர்மனி போற தங்கச்சி: ‘வீட்டுல ஒரு பொண்ணு மாதிரி’ங்கிறதை எவ்வளவு நம்பலாம்?

திருமங்கலத்தான் | செப்டம்பர் 4, இரவு 8.10

தங்கச்சிக்கு 22 வயசு. பி.எஸ்சி முடிச்சு, ஜெர்மன் ஏ1 (மொழித் தேர்வுல முதல் படி, அதுக்கு மேல ஏ2, பி1, பி2) பாஸ் பண்ணி, விசாவும் வந்துருச்சு. ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு குடும்பம், ரெண்டு பிள்ளைக. சின்னதுக்கு ரெண்டு வயசு, பெரியவன் ஒண்ணாப்பு. ஒரு வருசம் ஓ பேர் (au pair), அதாவது ஒரு குடும்பத்தோட தங்கி, பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு, மொழி படிக்கிறது. ‘எங்க வீட்டுல நீ ஒரு பொண்ணு மாதிரி’ன்னு வீடியோ கால்ல சொல்லியிருக்காங்க. இங்க சொந்தக்காரங்க என்னடான்னா ‘டிகிரி படிச்ச பிள்ளைய வீட்டு வேலைக்கு அனுப்புறீகளா’ன்னு கேக்குறாய்ங்க.

என் கட்சி இதுதான்: குடும்பம் நல்லா அமைஞ்சா மத்ததெல்லாம் தானா சரியாயிரும். மணிக்கணக்கு பாத்துக்கிட்டு இருந்தா பாசம் எப்படி வரும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மாசக் கடைசியில கிளம்புறா.

தல்லாகுளம் | செப்டம்பர் 4, இரவு 9.25

தம்பி, முதல் பாதி சரி, ரெண்டாம் பாதிதான் உதைக்குது. ஓ பேர் வேலைக்காரியும் இல்ல, வீட்டுப் பொண்ணும் இல்ல. ஒப்பந்தம் போட்டுக்கிட்டு ஒரு வீட்டுல தங்குற விருந்தாளி. அந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு தங்கச்சிக்கு மனப்பாடமா இருக்கணும்.

ஜெர்மனியில கணக்கு இது. வாரத்துக்கு அதிகபட்சம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6. வாரத்துல ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையாவது அந்த ஓய்வுல வரணும். வாரத்துக்கு நாலு சாயங்காலம் அவளோடது. கைச்செலவுப் பணம் மாசம் 280 யூரோ. மொழி வகுப்புக்குக் குடும்பம் மாசம் 70 யூரோ தரணும், வகுப்புக்குப் போய்வர்ற செலவும் அவங்களோடது. வருசத்துக்கு நாலு வாரம் லீவு, அப்பவும் 280 நிக்கக் கூடாது. தனி அறை, குறைஞ்சது 8 சதுர மீட்டர், ஜன்னலும் ஹீட்டரும் இருக்கணும். மருத்துவம், பிரசவம், விபத்து மூணுக்கும் காப்பீட்டுப் பிரீமியம் குடும்பத்தோட செலவு.

மணிக்கணக்குல எது சேரும்ங்கிறதுலதான் குழப்பமே. பெத்தவங்க வெளிய போன ராத்திரி பிள்ளைக தூங்குது, இவ ஹால்ல உக்காந்து போன் பாக்குறா. அதுவும் வேலை நேரம்தான், எழுந்து போக முடியாதுல்ல. பிள்ளைக துணி, பிள்ளைக அறை, அதுகளோட டிபன், சாப்பிட்ட மேசையைத் துடைக்கிறது எல்லாம் செய்யலாம். வீடு முழுக்க ஜன்னல் துடைக்கிறது, தோட்டம் வெட்டுறது, படுத்த படுக்கையா இருக்குற பாட்டியைப் பாத்துக்கிறது இதெல்லாம் ஓ பேர் வேலையே கிடையாது.

முதல் ரெண்டு வாரம் கூச்சப்பட்டு செஞ்சதெல்லாம் அப்புறம் அட்டவணையில ஏறிரும். பெரும்பாலும் கெட்ட எண்ணத்துல ஏத்துறதில்ல. இவ சொல்லாதது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

உசிலம்பட்டி எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 4, இரவு 10.02

280 யூரோ, சுமாரா நூறு ரூபாய்னு வச்சா 28,000. வீட்டுக்கு அனுப்புற காசு இல்லப்பா அது. போன் ரீசார்ஜ், சோப்பு, சனிக்கிழமை ஒரு காபி, குளிர் கோட்டு, அதோட தீந்துரும். ‘வெளிநாட்டுல இருக்கா, மாசம் எவ்வளவு வருது’ன்னு கேக்குற சொந்தக்காரனுக்கு இப்பவே ஒரு பதிலை ரெடி பண்ணி வைங்க.

கே.கே.நகர் | செப்டம்பர் 5, காலை 7.40

விசா வந்தாச்சுன்னா இது திருமங்கலத்தாருக்கு இல்ல, பின்னாடி படிக்க வர்றவங்களுக்கு. விண்ணப்பிக்கிறப்ப 18 முடிஞ்சிருக்கணும், 27 ஆகியிருக்கக் கூடாது. வாழ்நாள்ல ஒரு தடவைதான், ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் வரைக்கும். ‘சித்தி பிராங்க்பர்ட்ல இருக்காங்க, அவங்க வீட்டுக்கே ஓ பேரா போயிரலாமா’ன்னு மாசத்துக்கு ஒருத்தர் கேக்குறாங்க. முடியாது. சொந்தக்காரங்க வீட்டுக்கு விசா கிடைக்காது. சொந்தமே இல்லாத தமிழ்க் குடும்பம்னாலும் சிக்கல்தான். ஜெர்மன் தாய்மொழியா இல்லாம வீட்டுப் பேச்சா மட்டும் இருந்தா, அந்தக் குடும்பத்தோட சொந்த நாட்டுல இருந்து ஓ பேர் வரக் கூடாது. வீட்டுல தமிழே பேசினா முதல்லயே அடிபட்டுரும்.

இன்னொண்ணு. முடக்கக் கணக்குல (முன்னாடியே மொத்தமாப் போட்டு, மாசாமாசம் கொஞ்சம் மட்டும் எடுக்குற பேங்க் கணக்கு) 11,904 யூரோ போடணும்னு சில ஏஜெண்டுகள் பயமுறுத்துறாங்க. அது அங்க படிக்கப் போறவங்களுக்கு. ஓ பேருக்குத் தேவையில்ல. ஜெர்மனியில இருக்குற ஏஜென்சி ஓ பேர்கிட்ட அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம்னு அங்க சட்டமே இருக்கு. லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துருங்க.

திருமங்கலத்தான் | செப்டம்பர் 5, மதியம் 1.15

அக்கா, ‘பாட்டி’ன்னதும் பக்குன்னுச்சு. வீடியோ கால்ல மாடியில ஒரு பாட்டி இருக்குறதா சொன்னாங்களாம். போனதும் முதல் வாரம் என்னென்ன செய்யணும்னு வரிசையாச் சொன்னா எழுதி வச்சுக்குவேன்.

தல்லாகுளம் | செப்டம்பர் 5, மாலை 6.50

மாடியில பாட்டி இருந்தா நல்லதுதான், பேசிப் பேசியே ஜெர்மன் வந்துரும். குளிப்பாட்டுறது, மாத்திரை எடுத்துக் குடுக்குறதுன்னு ஆனாத்தான் பிரச்சினை. பாட்டி தானா நடமாடுறாங்களா, யார் பாத்துக்கிறாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்க. அவங்க தர்ற பதில் எழுத்துல கையில இருக்கும்.

வரிசை:

முகவரிப் பதிவு முதல்ல. அன்மெல்டுங் என்பாங்க. குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல பதியணும். பாஸ்போர்ட்டோட, ‘இவங்க எங்க வீட்டுல குடியிருக்காங்க’ன்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேணும். அது இல்லாமப் போனா வரிசையில நின்னது வீண். நேரம் முன்பதிவு பண்றது பல ஊர்ல லேசுல கிடைக்காது. இவ இங்க இருக்கும்போதே குடும்பத்தைப் பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க. படிவத்துல மதம்னு ஒரு கட்டம் வரும். சர்ச் வரிக்காகக் கேக்குறது. கிறித்தவங்க அதுல கத்தோலிக்கம், லூத்தரன்னு எழுதினா பின்னாடி சம்பளம் வாங்குற காலத்துல வரி பிடிப்பாங்க, தெரிஞ்சு எழுதணும்.

அன்னைக்கே தபால் பெட்டியில இவ பேரை ஒட்டணும். சின்ன விஷயமாத் தெரியும். ஜெர்மனியில தபால்காரர் பெட்டியில இருக்குற பேரைப் பாத்துத்தான் போடுவார். பேர் இல்லன்னா கடிதம் திரும்பிப் போயிரும். பேங்க் கார்டு, அதோட ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபால்ல, அதுவும் தனித்தனிக் கவர்ல வருது. ‘ஒரு மாசமாச்சு, கார்டு வரலை’ங்கிற புலம்பல்ல பாதி இந்த ஸ்டிக்கர் ஒட்டாததுனால வர்றது. பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுதணும். நம்ம ஊர் இனிஷியல் விவகாரம் அங்க புரியாது. அப்பா பேர்தான் குடும்பப் பேர்னு பாஸ்போர்ட்ல இருந்தா அதுதான் பெட்டியிலும்.

அப்புறம் பேங்க் கணக்கு. 280-ஐக் கையில வாங்காம கணக்குல போடச் சொல்லணும். பின்னாடி பேச்சு வந்தா அதுதான் சாட்சி.

அதுக்கடுத்து வெளிநாட்டவர் அலுவலகம். விசா ஸ்டிக்கர்ல எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க. சிலருக்கு முழு வருசத்துக்கும் அடிச்சிருக்கும், சிலருக்கு மூணு மாசம், ஆறு மாசம்தான். கம்மியா இருந்தா தேதி முடியறதுக்கு ரெம்ப முன்னாடியே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிச்சு, விண்ணப்பிச்சதுக்கு அத்தாட்சியும் கையில வச்சிருக்கணும்.

கே.கே.நகர் | செப்டம்பர் 5, இரவு 9.05

மேல சொன்னதோட ரெண்டு. ஒண்ணு, இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுட்டுக் கிளம்பணும். இங்க இருக்குற பேங்க் ஓடிபி அதுலதான் வரும், அங்க போய் மாத்தப் பாத்தா தலைவலி. ரெண்டு, தனிநபர் பொறுப்புக் காப்பீடு. ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்னு சொல்லுவாங்க. குடும்பத்தோட பாலிசியில இவ பேரையும் சேக்கச் சொல்லணும். அடுக்குமாடிச் சாவியைத் தொலைச்சா சில கட்டடத்துல மொத்தப் பூட்டு வரிசையையே மாத்துவாங்க, அந்தப் பில்லைப் பாத்தா மயக்கம் வரும். சாவி தொலையறதும் பாலிசியில அடக்கமான்னு தனியாக் கேக்கணும்.

பல்லு வலி இருந்தா இங்கயே பாத்துட்டுப் போங்க. ஓ பேர் காப்பீடுகள் ஏற்கெனவே இருந்த நோயை மூடாது, பல்லுக்கும் வலி தீர்க்குற அளவுக்குத்தான். கண்ணாடி போடுறவன்னா அரவிந்த்ல ஒருக்கா காட்டிட்டு ரெண்டு ஜோடி எடுத்துக்கட்டும்.

திருமங்கலத்தான் | செப்டம்பர் 11, இரவு 8.30

அம்மா பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரெண்டு கிலோ, நெய் ஒரு கிலோ, கறிவேப்பிலை, அந்த ஜெர்மன் வீட்டு அம்மாவுக்கு வைக்க மல்லிகைப்பூ நாலு முழம். போகுமா?

உசிலம்பட்டி எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 11, இரவு 8.52

ஒண்ணும் போகாது, எல்லாம் ஏர்போர்ட் குப்பைக்குத்தான். ஐரோப்பாக்குள்ள வெளிநாட்டுப் பால் பொருள், இறைச்சி ரெண்டும் பயணிகள் கொண்டு போகத் தடை. பால்கோவா, நெய் அதுல அடங்கிரும். பச்சைக் கறிவேப்பிலை, வெட்டின பூ, பச்சைக் காய் எல்லாம் பயிர் நலச் சான்றிதழ் இல்லாம நுழையாது. விதிவிலக்கு அஞ்சே பழம்: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன்.

வேடிக்கை என்னன்னா கருவாடு போகும்! மீனுக்கு இறைச்சித் தடை கிடையாது, 20 கிலோ வரைக்கும் அனுமதி. ஆனா அதை வறுத்தா அன்னைக்கே டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிருவாய்ங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

மதுரையில ஏறி துபாய் வழியாப் போறதா இருந்தா பெட்டியில கசகசா ஒரு பொட்டு கூட இருக்கக் கூடாது. அங்க அது போதைப் பொருள் கணக்கு. கறிமசால் பொடியில கசகசா சேத்து அரைச்சிருந்தா அதையும் எடுத்துருங்க.

சோழவந்தான் வெத்தலை | செப்டம்பர் 11, இரவு 9.10

அப்ப வெத்தலை?

உசிலம்பட்டி எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 11, இரவு 9.12

பச்சை இலைதானண்ணே. மெல்லுறதை மெட்ராஸ்லயே முடிச்சுட்டு ஏறுங்க.

தல்லாகுளம் | செப்டம்பர் 12, காலை 6.30

பயறு, பொடி வகை, புளி, அப்பளம், வத்தல், பெருங்காயம் தாராளமாப் போகும். பெருங்காயத்தை மூணு கவர் போட்டுக் கட்டணும். மிக்சி வேண்டாம். 230 வோல்ட் ஒண்ணுதான், ஓடும், ஆனா நம்ம மூணு பின் அங்க சொருகாது, கிலோவும் வீண். அந்த அம்மாவுக்குப் பூவுக்குப் பதிலா சுங்குடிச் சேலையோ, சுங்குடித் துணியில மேசை விரிப்போ குடுங்க, எடையே இல்ல. பிள்ளைகளுக்கு மரச் சாமான், பல்லாங்குழி மாதிரி. ஆனா ரெண்டு வயசுப் பிள்ளை இருக்குற வீடு. சோழியும் புளியங்கொட்டையும் தொண்டையில மாட்டிக்கும், பெரியவன் கையில மட்டும் குடுக்கணும்.

அடுப்படி, குளியலறை பத்திச் சொல்லியே ஆகணும். சண்டை வர்ற இடம் பெரும்பாலும் இதுதான், பிள்ளை வளப்பு இல்ல.

அங்க குளியலறைத் தரையில தண்ணி போற வாய் இருக்காது. வாளி வச்சு ஊத்திக் குளிச்சா தண்ணி கதவுக்கு வெளிய வந்து கீழ் வீட்டுக் கூரையில இறங்கும். ஷவர்க் கண்ணாடிக்குள்ளயே முடிச்சுட்டு, ரப்பர்த் துடைப்பான் வச்சுக் கண்ணாடியை வழிச்சு விட்டுட்டு, ஜன்னலை அகலத் திறந்து பத்து நிமிசம். இது எதுக்குன்னா பூஞ்சை. சுவர் மூலையில கறுப்பு படிஞ்சா வாடகை வீட்டுல அது பெரிய வழக்கு. எண்ணெய் தேச்சுக் குளிக்கிறதையும் யோசிக்கணும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிரும். குளிர்காலத்துல குழாய்க்குள்ள முடியோட சேந்து அடைச்சுக்கும். வேணும்னா நல்லெண்ணெய் கொஞ்சம், வழிச்ச முடியைக் குப்பையில போடணும்.

அடுப்பு பெரும்பாலும் கண்ணாடி மேசை மாதிரி இருக்கும். இண்டக்சன்னா அலுமினியச் சட்டி சூடே ஆகாது. காந்தம் ஒட்டுற பாத்திரம்தான். சாதாக் கண்ணாடி அடுப்புன்னா இரும்புத் தோசைக்கல்லை இழுத்து நகத்தக் கூடாது, கோடு விழும். சர்க்கரையோ வெல்லப் பாகோ கொட்டிட்டா ஆறட்டும்னு விடக் கூடாது. சூட்டோட சூடா அதுக்குன்னு இருக்குற பிளேடு வச்சு சுரண்டணும். ஆறினா கண்ணாடியைப் பேத்துக்கிட்டுத்தான் வரும்.

தாளிக்கிறதுக்கு முன்னாடி புகைபோக்கி விசிறியைப் போட்டு, அடுப்படிக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறக்கணும். மொளகா கருகினா நடையில இருக்குற புகை அலாரம் கத்தும், தூங்குற பிள்ளை எந்திரிக்கும். மஞ்சப்பொடிக் கையோட வெள்ளை சிலிக்கான் கரண்டி, பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டா அந்தக் கறை போகவே போகாது. தனக்குன்னு ஒரு ஸ்டீல் கரண்டி, ஒரு கண்ணாடி டப்பா வச்சுக்கிறது நல்லது. மரப்பலகை, நல்ல கத்தி, வார்ப்பிரும்புச் சட்டி மூணும் பாத்திரம் கழுவுற மெசினுக்குள்ள போகக் கூடாது.

கே.கே.நகர் | செப்டம்பர் 12, மதியம் 2.20

ஜன்னல் விசயத்துல ஒரு திருத்தம். குளிர்காலத்துல ‘அகலத் திறக்குறது’தான் சரி, லேசாச் சாய்ச்சு வச்சுட்டு மணிக்கணக்கா விடுறது தப்பு. சாய்ச்சு வச்சா சுவர் குளிர்ந்து அங்கதான் பூஞ்சை வரும், ஹீட்டர் காசும் போகும். அஞ்சுல இருந்து பத்து நிமிசம் முழுசாத் திறந்து மூடணும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. திறக்குறப்ப ஹீட்டரை அணைக்கணும். ஹீட்டர்த் திருகுல இருக்குற 1 முதல் 5 வரை எண் வேகம் இல்ல, எந்தச் சூட்டுல நிக்கணும்ங்கிறது. 3-ன்னா சுமார் 20 டிகிரி. 5-ல வச்சா சீக்கிரம் சூடாகும்னு நினைக்கிறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்றது. ஆகாது. அறை அடுப்பா மாறும்.

தல்லாகுளம் | செப்டம்பர் 12, மாலை 7.15

சரியாச் சொன்னீங்க. என் பத்து நிமிசமும் முழுத் திறப்புத்தான்.

குப்பை விட்டுப்போச்சு. மிச்சக் குப்பை, மக்குறது, தாள், மஞ்சள்ல பேக்கிங் பிளாஸ்டிக், டின். தொட்டி நிறம் ஊருக்கு ஊரு மாறும், அதனால நிறத்தை மனப்பாடம் பண்ணாம தொட்டி மேல எழுதினதைப் படிக்கணும். கண்ணாடிப் பாட்டில் தெருமுனைப் பெட்டியில வெள்ளை, பழுப்பு, பச்சைன்னு மூணாப் பிரிக்கணும். நீல பாட்டில் பச்சையில போகும். ஞாயித்துக்கிழமை போடக் கூடாது, சத்தம்னு பக்கத்து வீடு புகார் பண்ணும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நசுக்காம கடை மெசின்ல போட்டாத்தான் திரும்பி வரும்.

சோழவந்தான் வெத்தலை | செப்டம்பர் 12, இரவு 8.00

நம்ம ஊர்ல பழைய பேப்பர்க்காரர் வீட்டு வாசலுக்கு வந்து எடை போட்டுக் காசு குடுக்குறார். நாமதான் முன்னேறிய நாடு.

திருமங்கலத்தான் | செப்டம்பர் 20, இரவு 9.40

பிள்ளைக பத்தி யாரும் சொல்லலையே. தங்கச்சி அக்கா பிள்ளைகளை வளத்த அனுபவத்துல தைரியமா இருக்கா.

தல்லாகுளம் | செப்டம்பர் 20, இரவு 10.30

அந்த அனுபவத்துல பாதிதான் அங்க செல்லும், மீதியை இங்கயே விட்டுட்டுப் போகணும்.

அடி, கிள்ளு, ‘பூச்சாண்டிக்குக் குடுத்துருவேன்’ எதுவும் கிடையாது. 2000-ம் வருசத்துல இருந்து பெத்தவங்க அடிக்கிறதே அங்க சட்டப்படி தப்பு. பேர் வச்சு மட்டம் தட்டுறதும் அதே சட்டத்துல வருது.

ஊட்டி விடக் கூடாது. ரெண்டு வயசுப் பிள்ளை தானா கரண்டியைப் பிடிச்சு மேல கீழ கொட்டிக்கிட்டுத் தின்னும். பாதித் தட்டுல ‘போதும்’னா போதும். இன்னும் ஒரு வாய்னு துரத்துறது நம்ம பாசம், அங்க அது பிள்ளையோட பசியை மதிக்காதது. திராட்சையை முழுசாத் தரக் கூடாது, நீளவாக்குல நாலா நறுக்கணும். முழுக் கடலை, பாதாம் கூடாது. மருந்து, சொட்டு, தைலம் எதுவும் பெத்தவங்க சொல்லாம தொடவே கூடாது, அமிர்தாஞ்சன் உட்பட.

பாலர் பள்ளியில பிள்ளையைக் கூப்பிடப் போறதுக்கு பெத்தவங்க எழுத்துல பேர் குடுத்திருக்கணும். முதல் நாள் பாஸ்போர்ட் கேப்பாங்க. வெளிய கிளம்புறப்ப மழையும் சேறும் சாக்கு இல்ல. சேத்துப் பேண்ட், ரப்பர் பூட்ஸ் மாட்டி விளையாட விடுவாங்க. அடுக்கடுக்கா உடுப்பு, உள்ள வந்ததும் மேலது கழட்டல், இதுக்கே ரெண்டு பிள்ளைக்கும் கால் மணி நேரம் ஆகும், அதை நேரத்துல சேத்துக்கணும். கார்ல 12 வயசு ஆகுற வரை இல்லேன்னா 150 செ.மீ. வளர்ற வரை பிள்ளை இருக்கை கட்டாயம். பக்கத்துத் தெருதானேன்னு மடியில வைக்கிறது நடக்காது. எட்டு வயசு வரைக்கும் சைக்கிள் நடைபாதையில, கூட வர்ற பெரியவங்களும் நடைபாதையிலயே போகலாம்.

புல், காடு பக்கம் போய் வந்தா சாயங்காலம் உண்ணி பாக்கணும். தெற்கு ஜெர்மனியில பெரும்பகுதி மூளைக் காய்ச்சல் பரப்புற உண்ணி இருக்குற இடம். முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னாடி, முடி ஓரம். இருந்தா சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். எண்ணெய் ஊத்தினா, நசுக்கினா அது கிருமியை உள்ள கக்கிரும். எந்த இடம், எந்தத் தேதின்னு பெத்தவங்ககிட்ட சொல்லணும். தடுப்பூசி பத்தி இவளும் டாக்டரைக் கேட்டுக்கட்டும்.

நம்பர்: ஆம்புலன்ஸ், தீ 112. போலீஸ் 110. ராத்திரியில அவசரம் இல்லாத டாக்டர் 116117. வீட்டு முகவரியை ஜெர்மன்ல தடுமாறாமச் சொல்லப் பழகணும். பதட்டத்துல வாய்ல வராத முதல் விசயம் அதுதான்.

உசிலம்பட்டி எக்ஸ்பிரஸ் | செப்டம்பர் 20, இரவு 10.41

பிள்ளைக போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடக் கூடாதுங்கிறதையும் சொல்லுங்கக்கா. திருமங்கலம் முழுக்க ‘வெள்ளைக்காரக் குட்டி’ன்னு சுத்திரும், அப்புறம் பஞ்சாயத்து.

வண்டி ஓட்டணும்னு குடும்பம் கேட்டா: நம்ம லைசென்ஸ் அங்க குடியேறி ஆறு மாசம் செல்லும். ஒரு வருசத்துக்குள்ள திரும்பிருவோம்னு காட்டினா நீட்டிப்புக்குக் கேக்கலாம். ஆர்டிஓ ஆபீஸ்ல 1,000 ரூபாய் கட்டி சர்வதேச பெர்மிட் இங்கயே எடுத்துட்டுப் போகணும். ஆனா மாட்டுத்தாவணியில ஓட்டின கையை வச்சுக்கிட்டு அங்க பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகாதீங்க. வலது பக்கம் ஓட்டம், எழுதி வைக்காத சந்துல வலது கைப்பக்கம் வர்றவனுக்கு முதல் உரிமை. டிரைவிங் ஸ்கூல்ல கொஞ்ச நாள் பழகிக்கிட்டு அப்புறம்தான். காருக்கான காப்பீட்டுல இவ வயசு அடங்குதான்னும் பாக்கணும்.

திருமங்கலத்தான் | அக்டோபர் 19, இரவு 11.20

போய் இறங்கி பதிவு, பேங்க், தபால் பெட்டி எல்லாம் ஆயிருச்சு, நன்றி. பாட்டி தானா நடக்குறாங்க, சீட்டு விளையாடச் சொல்லித் தர்றாங்களாம். குடும்பமும் நல்ல குடும்பம்தான். ஆனா அக்கா சொன்ன இடத்துல இடிக்குது. திங்கள் முதல் வெள்ளி காலை 6.45-ல இருந்து 8.15, மதியம் 3-ல இருந்து 7.30. வெள்ளி ராத்திரி அவங்க வெளிய போறாங்க, 8-ல இருந்து 11.30. சனிக்கிழமை காலை 10-ல இருந்து 1 மணி, ‘கடைக்குப் போயிட்டு வந்துர்றோம்’னு. கேக்கக் கூச்சமா இருக்குங்கிறா.

தல்லாகுளம் | அக்டோபர் 20, காலை 6.10

கூட்டுங்க. வார நாள்ல ஒன்றரையும் நாலரையும் ஆறு. அஞ்சு நாளுக்கு 30, அங்கயே கோட்டா முடிஞ்சது. வெள்ளி மூன்றரை, சனி மூணு. மொத்தம் 36.5. வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்பதரை மணி நேரம், ஆறுக்கு மேல. 

கோபமாப் பேச வேண்டியதில்ல, அழவும் வேண்டாம். ஒரு தாள்ல ஏழு கட்டம் போட்டு, போன வாரம் நடந்ததை மணியோட எழுதிக் கூட்டச் சொல்லுங்க. பிள்ளைக தூங்கினப்புறம், அவசரம் இல்லாத ஒரு சாயங்காலம், ‘வாரத் திட்டத்தைச் சேந்து பாக்கலாமா’ன்னு கேட்டுத் தாளைக் குடுக்கணும். வேண்டாம்னு மட்டும் சொல்லாம மாற்றும் கையில இருக்கணும். வெள்ளி ராத்திரி வேணும்னா அன்னைக்கு மதியத்துல மூன்றரை மணி அவங்க பாத்துக்கட்டும், நாள் ஆறுக்குள்ள நிக்கும். சனி காலை வேணும்னா வார நாள்ல ரெண்டு காலையை விட்டுரணும், அதுல மூணு மணி மிச்சம். அந்த வாரம் ஞாயிறோட இன்னொரு அரை நாளும் முழுசா அவளுக்கு. ஜெர்மன்காரங்களுக்குத் தாள்ல எழுதின கணக்கு அவமரியாதை இல்ல. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு மூணு மாசம் பேசாம இருக்குறதுதான் அவங்களுக்குப் புரியாது.

நீங்க முதல்ல கேட்டீங்கல்ல, கணக்கு பாத்தா பாசம் எப்படி வரும்னு. கணக்கு முடிஞ்சப்புறம் ஞாயித்துக்கிழமை அவங்களோட ஏரிக்கரைக்குப் போறாளே, அது கணக்குல வராது. விருப்பப்பட்டுப் போறது. எது வேலை, எது கூட இருக்குறதுன்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சாத்தான் அந்தப் போக்கு சுகப்படும்.

கே.கே.நகர் | அக்டோபர் 20, காலை 9.30

பேசியும் மாறலைன்னா அடுத்த படி. ஒப்பந்தத்துல வழக்கமா 14 நாள் நோட்டீஸ் இருக்கும், ரெண்டு பக்கத்துக்கும். ஏஜென்சி வழியாப் போயிருந்தா முதல்ல அங்க எழுதணும். வேற குடும்பத்துக்கு மாறலாம், ஆனா வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லி அவங்க சம்மதத்தோட, மிச்சம் இருக்குற மாசத்துக்கு மட்டும். சொல்லாம கொள்ளாம பெட்டியைத் தூக்கிக்கிட்டு தோழி அறைக்குப் போனா அனுமதியே ஆட்டம் காணும். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் வச்சுக்கக் குடுக்கக் கூடாது. ஸ்டுட்கார்ட் பக்கம்னா இந்தியத் தூதரகம் வகையில மியூனிக் கான்சுலேட். இங்கிருந்து நீங்க வெளியுறவு அமைச்சகத்தோட ‘மதத்’ போர்ட்டல்ல புகார் பதியலாம். இந்தக் கேஸ்ல அந்த அளவுக்குப் போகாதுன்னுதான் தோணுது.

திருமங்கலத்தான் | அக்டோபர் 24, இரவு 10.15

தாளைக் குடுத்திருக்கா. அந்த அம்மா ‘ஏன் முதல் வாரமே சொல்லலை’ன்னு கேட்டாங்களாம். சனிக்கிழமை போச்சு. வெள்ளி மாசத்துக்கு ரெண்டு மட்டும், அன்னைக்கு மதியம் கழிவு.

அம்மாவுக்கு இப்ப வேற குறை, தினம் ராத்திரி 9 மணிக்குப் போன் பண்ணினா எடுக்க மாட்டேங்குறாளாம்.

உசிலம்பட்டி எக்ஸ்பிரஸ் | அக்டோபர் 24, இரவு 10.24

இங்க 9 மணின்னா அங்க சாயங்காலம் 5.30. ரெண்டு வயசுக்காரன் சேத்துப் பேண்ட்டோட ஹால்ல உருளுற நேரம். எப்படி எடுப்பா? வர்ற ஞாயிறு 26-ம் தேதி அங்க கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி திருப்புறாங்க. மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகும். அப்புறம் நம்ம மதியம் ரெண்டு மணிக்கு மேல அவளுக்குக் காலை ஒன்பதரை, பிள்ளைக பள்ளிக்கூடத்துல. வகுப்பு இல்லாத நாளா அம்மாவை மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டுக் கூப்பிடச் சொல்லுங்க.

திருமங்கலத்தான் | நவம்பர் 2, இரவு 8.45

மொழி வகுப்பு நகராட்சி முதியோர் கல்வி மையத்துல ஏ2 சேந்துட்டா, வாரம் ரெண்டு காலை. 70 யூரோ போக மிச்சம் அவ கைக்காசு. முடிச்சுட்டு அங்கயே நர்சிங் பயிற்சிக்குப் போகலாமான்னு யோசனை.

தல்லாகுளம் | நவம்பர் 2, இரவு 9.30

‘மக்கள் கல்விக் கழகம்’னு சொல்லுங்க தம்பி, எல்லா வயசுக்கும்தான். முதியோர்னதும் தங்கச்சி பாட்டிகளோட உக்காந்திருக்குற மாதிரி இருக்கு.

நர்சிங் பயிற்சிக்கு ஏ2 பத்தாது. பி1 கட்டாயம், பல இடத்துல பி2 கேக்குறாங்க. ஒரு வருசத்துல ஏ1-ல இருந்து பி1 வரைக்கும் போறதே நெருக்கம், வாரம் ரெண்டு வகுப்புல தானா வராது. வீட்டுல பெரியவனோட ஒண்ணாப்புப் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்க, அவன் திருத்துவான், சந்தோசமா. நடுவுல ஒரு வருசம் சமூக சேவை ஆண்டுன்னு ஒண்ணு இருக்கு. 27 வயசுக்குள்ள சேரணும், ஆஸ்பத்திரியிலயோ முதியோர் இல்லத்துலயோ. பயிற்சிக்கு முன்னாடி அந்த வேலை ஒத்துவருதான்னு பாக்க அது நல்ல வழி. எதுவா இருந்தாலும் இப்ப இருக்குற அனுமதி முடியறதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே இடம் பிடிச்சு விண்ணப்பிக்கணும்.

கே.கே.நகர் | நவம்பர் 3, காலை 7.15

வகுப்புக்கு ரயில்ல போறான்னா ஜெர்மனி டிக்கெட் எடுத்திருக்காளா பாருங்க. நாடு முழுக்க உள்ளூர்ப் பஸ், டிராம், லோக்கல் ரயில் எல்லாத்துக்கும் 2025-ல மாசம் 58 யூரோ. 2026 ஜனவரியில இருந்து 63. வேக ரயிலுக்குச் செல்லாது. வகுப்புப் பயணச் செலவு குடும்பம் தரணும்ங்கிறதால இதை அவங்களே எடுத்துக் குடுக்குறது வழக்கம். சந்தா மாதிரி மாசாமாசம் தானா புதுப்பிக்கும். டிசம்பர்ல லீவுக்கு ஊருக்கு வர்றதா இருந்தா முந்தின மாசம் 10-ம் தேதிக்குள்ள ரத்து பண்ணணும், இல்லேன்னா அந்த மாசக் காசும் போகும்.

திருமங்கலத்தான் | நவம்பர் 3, காலை 7.50

நல்லவேளை, இன்னைக்கு 3-ம் தேதிதான். இப்பவே மெசேஜ் போட்டுர்றேன்.